செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: பழைய கார் கேள்வி–பதில்

பாயிண்ட் மாற்றினோம், கண்டென்சர் மாற்றினோம், அன்றிலிருந்து வண்டி மக்கர் செய்கிறது என்று இந்த முறை பல கடிதங்கள். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து, ஆறுக்கு இங்கே பதில் தருகிறோம். புதிதாகப் படிப்பவர்களுக்கு: செல்ஃப் என்பது இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்; காயில் 12 வோல்ட்டைப் பொறிக்கான உயர் வோல்டேஜாக்கும்; பாயிண்ட் காயிலின் கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்; கண்டென்சர் அந்தப் பாயிண்ட் கருகாமல் காக்கும்; டிஸ்ட்ரிபியூட்டரும் அதன் கேப்பும் (மூடியும்) உள்ளே சுற்றும் ரோட்டாரும் பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும்.

என்னிடம் 1985 மாடல் அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுத்ததால் பாயிண்ட், கண்டென்சர், ரோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர் கேப் நான்கையும் ஒரே மூச்சில் மாற்றினோம். இப்போது செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது. பிளக்கைக் கழற்றி பிளாக்கில் வைத்துப் பார்த்தால் ஒரு பொறிகூட இல்லை. காயில் போய்விட்டது என்று மெக்கானிக் புதுக் காயிலும் போட்டுப் பார்த்துவிட்டார். டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?
– வாசகர், ஈரோடு

வேண்டாம். முந்தின நாள் வரை ஓடிய வண்டி, கை வைத்த பிறகு அடியோடு நின்றுவிட்டால் கை வைத்த இடத்தில்தான் கோளாறு இருக்கும். காயில் வாங்கியதும் அநேகமாகத் தண்டச் செலவுதான். பழைய காயிலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கழற்றிய பழைய பாயிண்ட், கண்டென்சர், ரோட்டாரும் இருந்தால் எடுத்து வையுங்கள், கடைசியில் உதவும்.

ஒரு மல்டிமீட்டர் போதும். இல்லையென்றால் 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் பற்றவைத்து டெஸ்ட் லேம்ப் செய்துகொள்ளலாம். கீழே சொல்லும் அளவுகள் பேட்டரியின் மைனஸ் பாடியில் எர்த் ஆகியிருக்கும் வண்டிக்கு. உங்கள் வண்டியில் அப்படித்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவியைப் போட்டு, ஸ்விட்சிலிருந்து காயிலுக்கு வரும் ஒயரின் முனையில் மீட்டரை வையுங்கள். லூகாஸ் (பிரிட்டிஷ் எலெக்ட்ரிக்கல் சாமான் கம்பெனி) கலர் முறைப்படி அது வெள்ளை ஒயர். பேட்டரியில் உள்ள வோல்டேஜ் கிட்டத்தட்ட அப்படியே அங்கே வரவேண்டும். வரவில்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறக்கவே வேண்டாம். சாவி ஸ்விட்சையும் அதன் பின்னால் உள்ள இணைப்புகளையும் பாருங்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து காயிலின் அந்த முனைக்கு நேராக ஓர் ஒயர் கொடுத்து ஸ்டார்ட் செய்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். அப்படி ஸ்டார்ட் செய்த இன்ஜின் சாவியை மூடினாலும் நிற்காது, அந்த ஒயரைப் பிடுங்கினால்தான் நிற்கும் என்பது நினைவிருக்கட்டும்.

அடுத்து காயிலின் மறுமுனை. அங்கிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயர் வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டது. கேப்பைத் திறந்து, ரோட்டாரை உருவிவிட்டு, பாயிண்ட் மூடியிருக்கும்படி இன்ஜினைத் திருப்பி நிறுத்துங்கள். இப்போது இந்த முனையில் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும், 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பாயிண்ட் முகம் சுத்தமில்லை. பிறகு ஒரு மரக் குச்சியால் பாயிண்ட்டை நெம்பித் திறங்கள். மீட்டர் 12-க்குத் தாவ வேண்டும். மூடினால் பூஜ்யம், திறந்தால் 12 என்று மாறி மாறி வந்தால் லோ டென்ஷன் (12 வோல்ட்) பக்கம் முழுக்கச் சரி. உங்கள் வண்டியில் அப்படி வராது என்றே நினைக்கிறோம்.

பாயிண்ட் திறந்திருந்தாலும் பூஜ்யமே காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாயிண்ட் மாற்றியவுடன் பொறி சுத்தமாக இல்லாமல் போகும் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் நிலை. காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கழற்றுங்கள். காயில் முனையில் உடனே 12 வந்துவிட்டால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளே எங்கோ எர்த் ஆகிறது என்று உறுதி.

இனி அந்தச் சின்னத் தூணைப் பாருங்கள். பழைய மாதிரி இரண்டு துண்டு பாயிண்ட் செட்டில், அசையும் பாயிண்ட்டின் ஸ்பிரிங் வந்து மாட்டும் திருகுத் தூண் அடித்தகட்டோடு சேர்ந்தது, அதாவது எர்த். ஸ்பிரிங்கோ கரண்ட் வரும் பாகம். இரண்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. வரிசை இதுதான்: தூணில் முதலில் ஃபைபர் வாஷர், அதன்மேல் ஸ்பிரிங்கின் கண், அதன்மேல் காயிலிலிருந்து வரும் ஒயரின் டேக் (ஓட்டை போட்ட முனைத் தகடு), கண்டென்சர் ஒயரின் டேக், அப்புறம் தொப்பி மாதிரி விளிம்பு வைத்த நைலான் புஷ், கடைசியில் நட். தொப்பியின் குழாய்ப் பகுதி இரண்டு டேக்கின் ஓட்டைக்குள்ளும் ஸ்பிரிங்கின் கண்ணுக்குள்ளும் இறங்கி நிற்க வேண்டும். டேக்குகள் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும்; தூணையும் நட்டையும் தொடக் கூடாது. நைலான் புஷ்ஷை முதலில் போட்டுவிட்டு அதன்மேல் டேக்குகளை வைத்து நட் முடுக்கினால், நட் வழியாகத் தூணுக்கும் தூண் வழியாக எர்த்துக்கும் கரண்ட் போய்விடும். பாயிண்ட் எத்தனை தடவை திறந்து மூடினாலும் காயிலுக்குத் தெரியாது, பொறி வராது. அசையும் பாயிண்ட் சுழலும் அச்சுக்கு அடியில் இருக்கும் ஃபைபர் வாஷரும் பழைய செட்டோடு குப்பைக்குப் போயிருக்கலாம், அதையும் தேடுங்கள்.

இந்த ஷார்ட்டில் எதுவும் எரியாது, ஃபியூஸும் போகாது. கரண்ட் காயிலின் சுற்று வழியாகத்தான் வருகிறது, அந்தச் சுற்றே தடுத்து நிறுத்திவிடும். அதனால்தான் மெக்கானிக்குக் காயில்மேல் சந்தேகம் வருகிறது. தொட்டால் சூடாகவும் இருக்கும் அல்லவா! சாவியைப் போட்டபடி நெடுநேரம் சோதனை செய்யாதீர்கள். ஓரிரு நிமிடம் பார்த்துவிட்டு மூடி, ஆறவிட்டு மறுபடி பாருங்கள்.

வாஷர் வரிசை சரியாக இருந்தும் ஷார்ட் என்றால் அடுத்து கண்டென்சர். அதன் ஒயரை மட்டும் விலக்குங்கள். பாயிண்ட்டைத் திறந்ததும் 12 வந்துவிட்டால் புதுக் கண்டென்சரே உள்ளுக்குள் ஷார்ட். புதுச் சாமான் என்பதால் நம்பிவிட முடியாது. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கெட்டுப்போன கண்டென்சர்கள் நிறைய வருகின்றன. கெபாசிட்டி அளக்கும் மீட்டர் இருந்தால் 0.18 முதல் 0.25 மைக்ரோஃபாரட்டுக்குள் வர வேண்டும். மீட்டர் இல்லையென்றால் பழைய கண்டென்சரையே திரும்பப் போட்டுப் பாருங்கள். கண்டென்சரிலும் கோளாறு இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வரும் சின்ன ஒயரின் மேலுறை உரிந்து அடித்தகட்டில் உரசுகிறதா, கண்டென்சர் ஸ்க்ரூ நீளமாகிப்போய் அடியில் எதையாவது இடிக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

நேர்மாறாக, பாயிண்ட் மூடியிருந்தும் 12 வோல்ட் காட்டினால் கரண்ட் எர்த்துக்குப் போகவே இல்லை என்று பொருள். புதுப் பாயிண்ட்டில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய்ப் படலம் தடவித்தான் அனுப்புவார்கள். அதைத் துடைக்காமல் மாட்டினால் இப்படி ஆகும். பழைய விசிட்டிங் கார்டு ஒன்றைப் பெட்ரோலில் நனைத்து இரண்டு முகத்துக்கும் நடுவில் விட்டு இழுங்கள். பிறகு காய்ந்த கார்டு ஒன்றை விட்டு இழுங்கள். அடித்தகட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் பாடிக்குப் போகும் சின்னப் பின்னல் ஒயர் அறுந்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

இவ்வளவும் சரி என்றால் பாயிண்ட்டின் இடைவெளி அளவு. இந்த லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கு 0.014 முதல் 0.016 அங்குலம், மில்லிமீட்டரில் 0.35 முதல் 0.40. பாயிண்ட்டின் குதிகால் கேமின் (பாயிண்ட்டைத் தள்ளித் திறக்கும் அச்சு மேட்டின்) உச்சியில் நிற்கும்போது அளக்க வேண்டும், சரிவில் நிற்கும்போது அல்ல. ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டில்) கிரீஸ் இருந்தால் துடைத்துவிட்டு நுழையுங்கள், இல்லாவிட்டால் சுத்தம் செய்த முகம் மறுபடி அழுக்காகும்.

இனி ரோட்டார். லோ டென்ஷன் சரியாகி, காயிலின் நடு ஒயரை பிளாக்கிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இன்சுலேட்டட் பிளையரால் பிடித்துக்கொண்டு பாயிண்ட்டைக் குச்சியால் சடக்கென்று திறந்தால் நீலப் பொறி விழுகிறது. ஆனால் பிளக்கில் இல்லை. இந்த நிலை வந்தால் ரோட்டார் குற்றவாளி. மலிவு விலையில் வரும் நகல் ரோட்டார்களில் மேலே உள்ள பித்தளைத் தகட்டை ஒரு ரிவெட் அடித்துப் பிடித்திருப்பார்கள். ரிவெட்டின் அடிக்கும் உள்ளே இருக்கும் அச்சுக்கும் நடுவில் பிளாஸ்டிக் மெல்லியதாக இருந்தால் ஹை டென்ஷன் (உயர் வோல்டேஜ்) அதைத் துளைத்து அச்சு வழியாக எர்த்துக்குப் போய்விடும். ரோட்டாரை அதன் இடத்தில் மாட்டி, காயிலின் நடு ஒயரை அதன் பித்தளைக்கு 3 மில்லிமீட்டர் மேலே பிடித்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ரோட்டாருக்குள் பொறி பாய்ந்தால் அது எர்த் ஆகிறது. நல்ல ரோட்டாரில் பாய இடமே இருக்காது. கடையில் வாங்கும்போது ரிவெட் இல்லாமல் வார்த்ததாகப் பார்த்து எடுங்கள். புது கேப்பைத் திருப்பி, நடுவில் ஸ்பிரிங்கில் நிற்கும் கார்பன் குச்சி இருக்கிறதா, அமுக்கினால் துள்ளுகிறதா என்றும் பாருங்கள்.

இந்தச் சோதனைகளை பெட்ரோல் வாடை அடிக்கும்போது செய்யாதீர்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஹை டென்ஷன் பக்கமே வரவேண்டாம்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் நான்கு பிளக் ஒயரையும் கேப்பையும் நானே மாற்றினேன். ஸ்டார்ட் ஆகிறது என்று சொல்ல முடியாது. இரண்டு தடவை உறுமி, உதறி, கார்புரேட்டரில் பட்டாசு வெடித்து நின்றுவிடுகிறது. டைமிங் மாறியிருக்குமா?
– வாசகர், மதுரை

டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, தொடவேண்டாம். ஒயர் இடம் மாறியிருக்கிறது, எந்த இரண்டு என்றுகூடச் சொல்லிவிடலாம்.

ஹெரால்டு, அம்பாசிடர், மொரிஸ் மைனர் எல்லாவற்றிலும் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை) 1-3-4-2. முதல் சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம் இருப்பது. இந்த மூன்று வண்டியிலும் ரோட்டாரை மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். ஆகவே கேப்பில் முதல் சிலிண்டரின் ஒயரிலிருந்து இடஞ்சுழியாக எண்ணிக்கொண்டு போனால் 1, 3, 4, 2 வரவேண்டும். பழக்க தோஷத்தில் கடிகாரப் போக்கிலேயே 1, 3, 4, 2 என்று குத்திவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் நான்கும் சரியான இடத்திலேயே நிற்கும், இரண்டும் மூன்றும் மட்டும் இடம் மாறிவிடும். இன்ஜின் இரண்டு சிலிண்டரில் உறுமும், மற்ற இரண்டும் எதிர்வேலை பார்க்கும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான். இரண்டாவது, மூன்றாவது ஒயரை ஒன்றுக்கொன்று மாற்றிக் குத்துங்கள்.

சும்மா உறுமக்கூட இல்லாமல், செல்ஃப் சுற்றும்போது கார்புரேட்டரில் 'புஸ்' என்று திருப்பி அடிக்கிறது என்றால் வேறு கதை. அங்கே நான்கு ஒயருமே இரண்டு இடம் தள்ளி இருக்கும். முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் மேலே வரவேண்டிய நேரத்துக்குப் பதில் எக்ஸாஸ்ட் முடிவில் பொறி விழும். அந்த நேரத்தில் இன்லெட் வால்வ் திறக்கத் தொடங்கியிருப்பதால் சத்தம் கார்புரேட்டர் வழியாக வெளியே வருகிறது. பிஸ்டன் மேலே வருவது இரண்டு தடவை, அதில் எது கம்ப்ரஷன் என்று தெரியாமல் முதல் ஒயரைக் குறித்தால் இப்படி ஆகும். முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் கட்டைவிரலை அழுத்தி வைத்து இன்ஜினைத் திருப்புங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தால் அது கம்ப்ரஷன். வால்வ் கவர் திறந்திருந்தால் இன்னும் சுலபம்: நான்காவது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி மற்றது திறக்கும் நிலையில் ஆடிக்கொண்டிருந்தால், முதலாவது கம்ப்ரஷனில் இருக்கிறது. அந்த நிலையில் ரோட்டாரின் பித்தளை எந்த முனையைப் பார்க்கிறதோ அதுதான் ஒன்றாம் ஒயரின் இடம். எதைக் கழற்றினாலும் முதலில் சாக்பீஸால் எண் போட்டுவிடுங்கள்.

அம்பாசிடர்காரர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் உள்ள நாக்கு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருப்பதால் அதைத் தலைகீழாக மாட்ட முடியாது. ஆனால் அது போய் உட்காரும் டிரைவ் கியரையே உருவி மாட்டியிருந்தால் 180 டிகிரி திரும்பிவிடலாம். வண்டியை ஓட்ட வேண்டுமானால் ஒயர்களை இரண்டு இடம் நகர்த்திக் குத்தினாலே ஓடும்; பிறகு சாவகாசமாகக் கியரைச் சரிசெய்யலாம். டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுக்கும்போது கழுத்தைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தாமல், கிளாம்ப் தகட்டை பிளாக்கோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் டைமிங் இருந்தபடியே இருக்கும். இந்தச் சின்ன விஷயத்துக்காக அரை நாள் போகிற கராஜ்கள் உண்டு.

ஒயரைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஒயர் நுழையும் பழைய லூகாஸ் கேப்பில், உட்பக்கம் இருக்கும் கூர்முனை ஸ்க்ரூ ஒயரின் செம்பைக் குத்திப் பிடிக்கும். அதில் கார்பன் நூல் வைத்த புது மாதிரி ஒயரை நுழைத்தால் ஸ்க்ரூ நூலை விட்டு விலகிப்போகலாம், குத்தினாலும் சீக்கிரம் அறுந்துவிடும். செம்புக் கம்பி ஒயர்தான் இந்தக் கேப்புக்கு. ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஒயரை அடிவரை தள்ளி, பிறகு முடுக்குங்கள்.

பிரீமியர் பத்மினியில் (ஃபியட்) பாயிண்ட் மாற்றி மூன்று வாரம் அருமையாக ஓடியது. இப்போது காலையில் ஸ்டார்ட் ஆவதே இல்லை. பாயிண்ட் டூப்ளிகேட்டா?
– வாசகர், புதுச்சேரி

டூப்ளிகேட்டாகவும் இருக்கலாம், ஆனால் மாட்டியவர் கேமில் கிரீஸ் தடவினாரா என்று முதலில் கேளுங்கள். பாயிண்ட்டின் குதிகால் கேமில் உரசிக்கொண்டேதான் ஓடும். கிரீஸ் இல்லையென்றால் குதிகால் தேய்ந்து இடைவெளி குறுகிக்கொண்டே வரும். கடைசியில் பாயிண்ட் திறக்கவே திறக்காது. இடைவெளி குறையக் குறைய டைமிங்கும் பின்னுக்குப் போகும், அதனால் ஓடும்போதும் இழுவை குறைந்திருக்கும். கேமைத் துடைத்து, அரிசிமணி அளவு ஹை டெம்பரேச்சர் கிரீஸ் தடவி, இடைவெளியைத் திரும்ப வையுங்கள். ரோட்டாரை உருவினால் தெரியும் அச்சின் தலையில் இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விடுங்கள். அதற்கு மேல் விட்டால் பாயிண்ட்டில் தெறிக்கும். பத்மினியின் இடைவெளி அளவு அம்பாசிடருடையது அல்ல, ஃபியட்டின் கையேட்டில் உள்ளதை வையுங்கள்.

பாயிண்ட் முகத்தைக் கழற்றிப் பாருங்கள். ஒன்றில் மேடும் மற்றதில் பள்ளமுமாகக் கருகியிருந்தால் குதிகாலோடு கண்டென்சரும் சேர்ந்து சதி செய்திருக்கிறது.

மொறிஸ் மைனர் 1000, அப்பாவின் காலத்திலிருந்து எங்களிடம் இருக்கிறது. பாயிண்ட் தொல்லை வேண்டாம் என்று வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய எலெக்ட்ரோனிக் இக்னிஷன் பூட்டினோம். சிவப்பு வயரை கொயிலின் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் சரியாகவே கொடுத்தோம். கார் ஸ்ராட் ஆகவே இல்லை. பழைய பாயிண்டைப் பூட்டினால் ஓடுகிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

பழைய பாயிண்ட்டில் ஓடுகிறது என்று எழுதியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. காயில், கேப், ரோட்டார், ஒயர் எல்லாம் சரி. பேட்டரியைப் போய்ப் பாருங்கள்: பாடியில் எர்த் ஆகியிருப்பது பிளஸ்ஸா, மைனஸா? மொரிஸ் மைனர் பாசிட்டிவ் எர்த்தோடுதான் வந்தது. பாயிண்ட்டுக்கு எந்தப் பக்கம் எர்த் என்ற கவலை இல்லை, அது வெறும் ஸ்விட்ச். எலெக்ட்ரானிக் மாட்யூலுக்கு உண்டு. நெகட்டிவ் எர்த்துக்குச் செய்த கிட்டை பாசிட்டிவ் எர்த் வண்டியில் மாட்டி சாவி போட்டிருந்தால் மாட்யூல் அந்த நொடியிலேயே போயிருக்கலாம். இனி அதை நம்பிப் பிரயோசனமில்லை. பெட்டியின் மேல் எந்த எர்த்துக்கு என்று எழுதியிருக்கும். பாசிட்டிவ் எர்த்துக்கென்று தனிக் கிட் கிடைக்கிறது.

வண்டியையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவதும் பெரிய வேலை இல்லை. பேட்டரியைத் திருப்பி மாட்டுவது, காயிலின் இரண்டு சின்ன ஒயரை இடம் மாற்றுவது, டைனமோவின் ஃபீல்டு முனையில் ஒயரைக் கழற்றிவிட்டு பேட்டரியின் பிளஸ்ஸால் ஓரிரு நொடி தொட்டுப் புதுத் துருவம் ஏற்றுவது, இவ்வளவுதான் முக்கியம். டைனமோவை மறந்துவிட்டால் சார்ஜ் ஆகாது, கட்-அவுட்டும் (டைனமோவை பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் ரிலே) கெடும். எஸ்.யு. எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் பழைய மாதிரி என்றால் எந்த எர்த்திலும் ஓடும், உள்ளே டையோடு வைத்த பிற்கால மாதிரி என்றால் ஓடாது. ரேடியோ ஏதும் பூட்டியிருந்தால் அதையும் கவனியுங்கள்.

எர்த் ஏற்கெனவே நெகட்டிவ்தான் என்றால் மூன்று இடம் பார்க்க வேண்டும். மாட்யூலின் சிவப்பு ஒயரில் செல்ஃப் சுற்றும்போது எவ்வளவு வோல்ட் வருகிறது, கேமின்மேல் மாட்டும் காந்த வளையம் அடிவரை உட்கார்ந்திருக்கிறதா, ரோட்டார் வளையத்தின்மேல் ஏறி நின்று கேப்பை இடிக்கிறதா. காயிலின் எதிர்ப்பையும் அளந்து கிட்டின் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். சொன்னதைவிடக் குறைந்த ஓம் காயில் மாட்யூலைச் சுட்டுவிடும். இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டு வைத்திருப்பதும் அதே வேலையைச் செய்யும். பழைய கண்டென்சருக்கு இனி வேலையில்லை.

எங்கள் அபிப்பிராயம் கேட்டால், அந்தப் பாயிண்ட் செட்டை வண்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் கிடைக்காத 1990-களில் யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் A40-யையும் சிறிது பெட்ரோல் விட்டு ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அப்போதெல்லாம் நடுவழியில் குனிந்து, கையில் இருந்ததை வைத்துச் சரிசெய்ய முடிந்தது பாயிண்ட்டைத்தான். மாட்யூல் போனால் எந்தக் கராஜிலும் திறந்து பார்க்க ஒன்றுமில்லை.

இக்னிஷன் ஸ்விட்ச் மாற்றினோம். செல்ஃப் எவ்வளவு நேரம் சுற்றினாலும் அம்பாசிடர் பிடிப்பதில்லை. சாவியை விடும் அந்தக் கணத்தில் மட்டும் சில சமயம் 'டப்' என்று பிடித்து ஓடிவிடுகிறது. ஓடியபின் எந்தத் தொல்லையும் இல்லை.
– வாசகர், கோயம்புத்தூர்

செல்ஃப் சுற்றும்போது காயிலுக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது போதவில்லை. இரண்டையும் ஒரே அளவில் பிரித்துவிடலாம். காயிலின் வெள்ளை ஒயர் முனையில் மீட்டரை வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள்.

பூஜ்யம் வந்தால் ஸ்விட்சேதான். சாவி ஸ்டார்ட் நிலையில் இருக்கும்போதும் இக்னிஷன் முனைக்குக் கரண்ட் வரவேண்டும். புது ஸ்விட்சின் முனைகள் பழையதைப் போல வரிசையாக இல்லாமலிருக்கும். ஒயரை இடத்தைப் பார்த்து மாட்டியிருந்தால், ஸ்டார்ட் நிலையில் துண்டிக்கப்படும் முனையில் வெள்ளை ஒயர் போயிருக்கும். ஹீட்டர், ரேடியோ போன்றவற்றுக்கான முனை அப்படித்தான் நடந்துகொள்ளும். ஸ்விட்சைக் கழற்றி, மீட்டரை ஓம் நிலையில் வைத்து, சாவியின் ஒவ்வொரு நிலையிலும் எந்த முனை பேட்டரி முனையோடு சேருகிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு பிறகு மாட்டுங்கள்.

பூஜ்யம் இல்லாமல் 8, 9 வோல்ட் வந்தால் ஸ்விட்ச்மேல் பழி போடவேண்டாம். அதே நேரம் பேட்டரியின் இரண்டு ஈயத் தூணிலும் மீட்டரை வையுங்கள். அங்கேயும் 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. பேட்டரியில் நன்றாக இருந்து காயிலில் மட்டும் குறைந்தால் நடுவில் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் பின்னல் எர்த் ஒயரைத் தவறாமல் பாருங்கள். அதன் போல்ட் துருவேறியிருந்தால் செல்ஃப் மெதுவாகச் சுற்றும்.

காயிலையும் சேர்த்து மாற்றியிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. மாற்றியிருந்தால் இரண்டு சின்ன முனைக்கும் இடையில் ஓம் பாருங்கள். 3-ஐ ஒட்டி வந்தால் நேரடியாக 12 வோல்ட்டில் ஓடும் காயில், அம்பாசிடருக்கு அதுதான் பொருத்தம். 1.5-ஐ ஒட்டி வந்தால் அது பல்லாஸ்ட் ரெசிஸ்டரோடு (காயிலுக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கும் ரெசிஸ்டர்) ஓட வேண்டிய காயில். ரெசிஸ்டர் இல்லாமல் நேராகக் கொடுத்தால் கொதிக்கும், பாயிண்ட்டும் கருகும்.

இத்தனை தடவை செல்ஃப் அடித்ததில் பிளக் நான்கும் பெட்ரோலில் ஊறியிருக்கும். கோளாறைச் சரிசெய்தபின் பிளக்கைக் கழற்றிக் காயவைத்து, 0.025 அங்குலம் இடைவெளி வைத்து, சோக் இழுக்காமல் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் வேண்டாம்.

டைமிங் லைட் இல்லாமல் அம்பாசிடருக்கு டைமிங் வைக்க முடியுமா? பாயிண்ட் மாற்றினால் டைமிங்கும் மாறுமா?
– வாசகர், நாகர்கோவில்

மாறும். இடைவெளி அகன்றால் பாயிண்ட் முன்னதாகத் திறந்து டைமிங் முன்னே போகும், குறுகினால் பின்னே போகும். அதனால் இடைவெளி முதலில், டைமிங் பிறகு. வரிசையை மாற்றினால் இரண்டு வேலை.

லைட் இல்லாமல் வைக்கலாம், ஸ்டார்ட் ஆவதற்கு அது தாராளம். முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷனில் கொண்டுவந்து, கிராங்க் புல்லியில் உள்ள வெட்டு, டைமிங் கவரில் உங்கள் கையேடு சொல்லும் டிகிரிக் குறிக்கு நேராக வரும்படி நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் திருப்பி நேர் வைக்காதீர்கள். டைமிங் செயின் தளர்வு கணக்கைக் கெடுக்கும். நன்றாகப் பின்னே போய் மறுபடி முன்னோக்கி வாருங்கள். டெஸ்ட் லேம்பை டிஸ்ட்ரிபியூட்டரின் சின்ன ஒயர் முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் மாட்டி, சாவியைப் போடுங்கள். கிளாம்ப்பைத் தளர்த்தி, டிஸ்ட்ரிபியூட்டர் உடலை இடஞ்சுழியாகத் திருப்பினால் பாயிண்ட் மூடி விளக்கு அணையும். இனி வலஞ்சுழியாக மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். விளக்கு எரியும் இடத்தில் நிறுத்தி கிளாம்ப்பை முடுக்குங்கள். முடுக்கும்போது உடல் நகர்ந்திருக்கலாம். இன்ஜினை இரண்டு முழுச் சுற்று திருப்பி, வெட்டு குறிக்கு வரும் அதே நேரம் விளக்கு எரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.